சட்டரும் சட்டமும்: காந்தளூர்ச் சாலை மரபில் மாணவர் ஒழுங்கு

இன்றைய தமிழில் ‘சாலை’ என்றால் வண்டி ஓடும் வழி. கல்விச்சாலை, அறச்சாலை, பாடசாலை போன்ற தொடர்களில் மட்டுமே அதன் பழம்பொருள் எஞ்சியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் அப்பழம்பொருள் இடப்பெயராகவே நிலைத்துவிட்டது. கிழக்குக் கோட்டையிலிருந்து கிழக்கே நீளும் சாலைக் கடைத்தெரு, அதையடுத்த ஆரியசாலை, அதற்கும் அப்பால் வலியசாலை என மூன்று பெயர்களும் ஒரே சொல்லைச் சுமந்து நிற்கின்றன. மிளகாய் மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் இடையே தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இக்கடைவீதிப் பகுதி, சோழர் மெய்க்கீர்த்திகள் பேசும் காந்தளூர்ச் சாலையின் நினைவைத் தாங்கியது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. வலியசாலையிலுள்ள சிவன் கோயிலை அவர்கள் அச்சாலையோடு தொடர்புபடுத்துவர்.

தமிழ் மாணவர் பலர் காந்தளூரை அறிந்திருப்பது முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி வழியாகத்தான். அம்மன்னன் காந்தளூர்ச் சாலையில் ‘கலம் அறுத்தான்’ என்பதற்குப் பொருள் என்ன என்ற விவாதம் நூறாண்டுக்கு மேற்பட்டது. கலம் என்பதைக் கப்பல் என்று கொண்டோர் அதைக் கடற்போராக விளக்கினர். நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளில் தோய்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதனை உண்கலமாகக் கொண்டு, சாலையில் நடைபெற்ற ஊட்டோடு தொடர்புபடுத்தினார். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் மெய்க்கீர்த்தியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததால், அதே சாலை மரபைப் பற்றிய வேறொரு சான்று கல்வி வரலாறு எழுதுவோரின் கவனத்தை உரிய அளவில் பெறவில்லை. போர் வெற்றியைப் பேசாத சான்று அது. அதன் பொருள், மாணவர்கள் தவறு செய்தால் என்ன செய்வது என்பது.

அந்தச் சான்று பார்த்திவசேகரபுரச் செப்பேடு. திருவனந்தபுரம் உசூர் அலுவலகத்தில் பாதுகாக்கப்பட்டதால் உசூர் அலுவலகச் செப்பேடு என்றும் வழங்கும். தொல்லியலாளர் து. அ. கோபிநாத ராவ் இதனைத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், கலியுக நாள் 14,49,087 என்ற கணக்கோடு பொறிக்கப்பட்டது. இது கி.பி. 866 ஆம் ஆண்டுக்கு இணையாகும். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலமாற்றாக நிலம் பெற்று, திருமாலுக்குக் கோயில் எடுத்து, அவ்விடத்துக்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, காந்தளூர் மரியாதையைப் பின்பற்றித் தொண்ணூற்றைவர்க்கு ஒரு சாலை அமைத்த செய்தியை அது கூறுகிறது. அவ்வூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் பார்த்திபபுரம் என வழங்குகிறது. காந்தளூரின் நடைமுறையே முன்மாதிரி என்று செப்பேடு சொல்வதால், பார்த்திவசேகரபுரத்தின் விதிகளில் காந்தளூரின் விதிகளும் பெருமளவு தெரிகின்றன எனக் கொள்ளலாம்.

செப்பேடு இடங்களைப் பகிர்ந்தளிக்கும் முறை துல்லியமானது. பவிழிய சரணத்தார் 45 பேர், தைத்திரீய சரணத்தார் 36 பேர், தலவகார சரணத்தார் 14 பேர், ஆக 95 பேர். சேர்வோர் இலக்கணப் பயிற்சியும் புரோகித அறிவும் உடையவராக இருத்தல் வேண்டும். அவற்றோடு ‘த்ரைராஜ்ய வ்யவஹாரம்’, அதாவது மூன்று அரசுகளின் நடைமுறை பற்றிய அறிவும் வேண்டும். சேர, சோழ, பாண்டிய அரசுகளின் செயல்முறைகளை அறிந்தவரே இங்கு இடம் பெறத் தக்கவர் என்றால், சாலையில் உருவானோர் வேதம் ஓதுவதோடு நின்றவர் அல்லர். அரசியல் பணிக்கும் உரியவர் என்பது புலப்படும்.

இவர்களைச் செப்பேடு ‘சட்டர்’ என அழைக்கிறது. ‘சட்டர்’ என்பதையும் ‘சட்டம்’ என்பதையும் அருகருகே காண்போர்க்கு இரண்டும் உறவுச்சொற்கள் என்று தோன்றக்கூடும். ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு அப்படி முடிவுகட்டலாகாது. ‘சட்டர்’ என்பது மாணவரைக் குறிக்கும் ‘சாத்ர’ என்ற வடசொல்லின் திரிபு என்பது வரலாற்றறிஞர் எம். ஜி. எஸ். நாராயணன் முதலானோர் கொண்ட முடிவு. கேரளத்தில் யாத்திரக்களி என்னும் சங்கக்களியை நிகழ்த்தி வந்த சாத்திர நம்பூதிரிமார், ஆயுதப் பயிற்சி பெற்ற இச்சாலை மாணவரின் வழித்தோன்றல்களாகக் கருதப்படுகின்றனர்.

‘சாத்ர’ என்ற சொல்லுக்குப் பாணினியின் இலக்கணம் குடையிலிருந்து பிறப்புக் காட்டுகிறது. அதற்குக் காசிகை உரை தரும் விளக்கம் ஆய்வாளர்க்கு இனிப்பானது, மாணவர்க்குக் கசப்பானது. குடை வெயிலை மறைப்பதுபோல ஆசிரியரின் குறைகளை மறைப்பவனே மாணவன் என்பது அவ்வுரையின் கருத்து. அதிகாரம் யார் பக்கம் இருக்கிறது என்பதை இச்சொற்பிறப்பே சொல்லிவிடுகிறது. குறை காண்பது ஒருவரின் உரிமை; குறை மறைப்பது மற்றவரின் கடமை. ஒழுங்கு நடவடிக்கை என்ற ஏற்பாடு எக்காலத்திலும் இந்தச் சாய்ந்த தரையின் மேல்தான் நின்றுவந்திருக்கிறது.

செப்பேட்டின் ஒழுங்கு விதிகளைக் காண்போம். சட்டர் ஒருவரையொருவர் இழிவாகப் பேசுதல் குற்றம். அதற்குத் தண்டம் உண்டு. அடிதடியும் குற்றம். ஆயுதத்தால் தாக்குதல் அதனினும் கொடியது. சாலையின் கூட்டத்துக்குப் படைக்கலம் ஏந்தி வரலாகாது. மடத்தில் வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை வைத்திருத்தலாகாது. மீறுவோர் பொருள் தண்டம் செலுத்தவும், சாலையில் தமக்குள்ள பேற்றை இழக்கவும் நேரும்.

எந்த ஊரிலும் நடவாத ஒன்றைத் தடுக்க யாரும் செம்பில் விதி பொறிப்பதில்லை. கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வராதே என்று எழுத வேண்டியிருந்தது என்றால், வந்தவர்கள் இருந்தார்கள் என்று பொருள். ஒன்பதாம் நூற்றாண்டு மாணவனைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அமைதியான குருகுலச் சித்திரம் இந்த ஒரு விதியிலேயே கலைந்துபோகிறது. கற்றவர், இளைஞர், ஆயுதப் பயிற்சி உடையவர், அரசின் ஆதரவு பெற்றவர் என நான்கு வலிமைகளும் ஒன்றுகூடிய ஒரு குழுவை ஓரிடத்தில் தங்கவைத்து உணவளித்தால் என்ன நேரும் என்பதை ஆய் அரசு அறிந்திருந்தது.

இந்த அறிவு ஆய் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தாளகுண்டாக் கல்வெட்டு கூறும் மயூரசர்மனின் கதையில், காஞ்சிக் கடிகையில் கற்க வந்த இளைஞன் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலால் சினந்து வெளியேறி, வாளேந்திக் கதம்ப அரசை நிறுவுகிறான். ஐரோப்பாவில் 1229 ஆம் ஆண்டு பாரிசு மாணவர்க்கும் மதுக்கடையினர்க்கும் மூண்ட கலகம் வளர்ந்து, பல்கலைக்கழகமே கலைந்து சிதறியது. 1231 இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அப்பல்கலைக்கழகத்துக்கு அளித்த புகழ்பெற்ற ஆணையில், மாணவர் நகரில் ஆயுதம் ஏந்தித் திரியலாகாது என்ற விதி இடம்பெற்றது. பார்த்திவசேகரபுரச் செப்பேடு அதற்கு 365 ஆண்டுகள் முந்தியது.

எண்ணாயிரம், திருமுக்கூடல் முதலிய சோழர் காலக் கல்வி நிலையங்களின் கல்வெட்டுகள் மாணவர் தொகை, ஆசிரியர் தொகை, நெல், படி ஆகியவற்றையே விரிவாகப் பேசுகின்றன. எண்ணாயிரத்தில் மட்டும் 340 மாணவர்க்கான ஏற்பாடு இருந்தது. அவற்றோடு ஒப்பிடும்போது, மாணவரின் நடத்தையை விதிகளாக வகுத்துத் தரும் ஆய் செப்பேடு தமிழில் கிடைத்துள்ள அரிய ஆவணமாகிறது.

அதன் சிறப்புகள் மூன்று. முதலாவது, விதி குற்றத்துக்கு முந்தியது. சாலை தொடங்கும் நாளிலேயே எது பிழை, எதற்கு என்ன விளைவு என்பது பொறிக்கப்பட்டது. இரண்டாவது, குற்றங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. ‘தகாத நடத்தை’ என்ற ஒற்றைப் போர்வையால் சொல்லும் அடியும் ஆயுதமும் ஒன்றாக மூடப்படவில்லை. மூன்றாவது, விதி செம்பில் இருந்தது. அன்றாடம் அதிகாரத்தில் இருப்பவரின் மனநிலையில் இல்லை. இதே காலப்பகுதியில் கேரளக் கோயில்களில் வழங்கிய மூழிக்களக் கச்சத்தையும் இங்கே சேர்த்து நோக்க வேண்டும். கோயிலை ஆளும் ஊராளரே குடிகளைத் துன்புறுத்தினாலும் பூசையைத் தடுத்தாலும் அவர்க்கும் தண்டனை உண்டு என்றது அக்கச்சம். ஆளப்படுவோர்க்கு ஒழுங்கு வகுத்த சமூகம், ஆள்வோர்க்கும் ஒழுங்கு வகுத்தது.

இதனைப் பொற்காலமாக ஏத்துவதற்கு இடமில்லை. தொண்ணூற்றைந்து இடங்களும் பிராமண ஆடவர்க்கே உரியவை. வெள்ளாட்டி என்ற சொல் செப்பேட்டில் வருகிறது. ஆனால் காக்கப்பட வேண்டிய ஆளாக அவள் அங்கில்லை, மடத்தின் ஒழுங்குக்கு இடையூறாக மட்டுமே இருக்கிறாள். அவளுக்கு என்ன நேர்ந்தது, அவள் யாரிடம் முறையிட்டாள் என்பது எந்தச் செம்பிலும் இல்லை. ஒழுங்கு விதிகளை வாசிக்கும்போது, அவை யாரைத் தண்டித்தன என்பதோடு யாரைக் காக்கத் தவறின என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

விதியை முன்கூட்டி எழுதுவது நீதியின் ஒரு பாதி. குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கேட்பது மறுபாதி. இந்த இரண்டாம் பாதியின் வரலாறும் ஒரு பல்கலைக்கழகத்தில்தான் புகழ்பெற்ற திருப்பத்தை அடைந்தது. கேம்பிரிட்சின் டிரினிட்டிக் கல்லூரித் தலைவர் ரிச்சர்டு பென்ட்லி, கிரேக்க, இலத்தீன் மூலபாட ஆய்வில் பெரும்புகழ் பெற்றவர். பல்கலைக்கழக நீதிமன்றத்தை அவமதித்தார் என்று கூறி, அவரைக் கேளாமலேயே 1718 இல் அவருடைய பட்டங்களைப் பல்கலைக்கழகம் பறித்தது. 1723 இல் மன்னர் நீதிமன்றம் அச்செயல் செல்லாது என்றது. ஆதாமைக்கூட அவன் தரப்பைக் கேட்ட பிறகே இறைவன் தண்டித்தான் என்ற கருத்தை அவ்வழக்கில் நீதிபதி ஒருவர் முன்வைத்தார். இயற்கை நீதி பற்றிச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லப்படும் அந்த எடுத்துக்காட்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து பிறந்தது.

இந்தியாவில் 1962 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வழியமைத்தது. உத்தரப் பிரதேசத்தில் இடைநிலைத் தேர்வில் முறைகேடு செய்ததாக மூன்று மாணவரின் முடிவுகளைத் தேர்வு வாரியம் நீக்கி, அடுத்த ஆண்டுத் தேர்வையும் எழுதவிடாமல் தடுத்தது. அவர்களுக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தரப்படவில்லை. ஒருவரின் எதிர்காலத்தைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் குழு நீதிமன்றத்தை ஒத்த பொறுப்போடு நடக்க வேண்டும், மாணவரைக் கேட்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வி திருவனந்தபுரத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர் தேர்வு முறைகேட்டுக்காகத் தண்டிக்கப்பட்டார். விசாரணை நடந்தது, அதில் அவர் பங்கேற்றார். ஆனால் விசாரணை அறிக்கையின் படி தமக்குத் தரப்படவில்லை என்பது அவர் குறை. நீதிபதி கே. எஸ். ஹெக்டே எழுதிய 1968 ஆம் ஆண்டுத் தீர்ப்பு பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. இயற்கை நீதியின் விதிகள் கல்லில் செதுக்கிய ஒரே அச்சு அல்ல. விசாரிக்கும் அமைப்பு, அதன் விதிகள், சூழல் ஆகியவற்றுக்கேற்ப அவை மாறும் என்றது. கேட்கப்படாத அறிக்கையைத் தானாகத் தராதது குற்றமாகாது என்றும் கொண்டது. இத்தீர்ப்பு இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. மாணவர் பக்கத்திலிருந்து நோக்கினால் அது எழுப்பும் கேள்வி எளியது: அறிக்கையைக் கேட்கலாம் என்பதே தெரியாத ஒருவர் அதை எப்படிக் கேட்பார்?

இதன் மறுபக்கத்தை 1973 ஆம் ஆண்டின் ராஞ்சித் தீர்ப்பு காட்டுகிறது. ராஜேந்திர மருத்துவக் கல்லூரியின் மகளிர் விடுதி வளாகத்துக்குள் 1972 சூன் மாத இரவொன்றில் ஆண் மாணவர் சிலர் புகுந்து இழிவாக நடந்துகொண்டனர். மாணவியர் 36 பேர் கையொப்பமிட்டுப் புகார் அளித்தனர். மூவர் கொண்ட விசாரணைக் குழு மாணவியரின் வாக்குமூலங்களைக் குற்றஞ்சாட்டப்பட்டோர் இல்லாத இடத்தில் பெற்றது. அவர்கள் படங்களைப் பிற மாணவரின் படங்களோடு கலந்துவைத்து அடையாளம் காட்டச் செய்தது. பின்னர் மாணவரிடம் விளக்கம் கேட்டது. நால்வர் இரண்டு ஆண்டுகளுக்கு நீக்கப்பட்டனர். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சாட்சி சொன்ன பெண்களின் பாதுகாப்பும் நீதியின் ஒரு பகுதி என்றது. செப்பேட்டில் குரலற்று நின்ற வெள்ளாட்டிக்கும் இம்மாணவியர்க்கும் இடையே ஏறத்தாழ 1100 ஆண்டுகள் கடந்திருந்தன.

செப்பேடு பொறிக்கப்பட்டுச் சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1866 இல், திருவனந்தபுரத்தில் நவீனக் கல்லூரி தோன்றியது. மகாராசா கல்லூரி என்று வழங்கிய அதில்தான் மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை மெய்யியல் கற்பித்தார். பின்னாளில் அது பல்கலைக்கழகக் கல்லூரி ஆயிற்று. அங்கே 2019 சூலை 12 அன்று மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். இந்திய மாணவர் சங்கத்தின் கல்லூரிக் கிளைப் பொறுப்பாளர்கள் மீதே குற்றஞ்சாட்டப்பட்டது. குத்துப்பட்டவரும் அதே அமைப்பைச் சேர்ந்தவர். சங்கம் அக்கிளையைக் கலைத்தது. கல்லூரி ஆறு பேரை இடைநீக்கம் செய்தது. குற்றஞ்சாட்டப்பட்டோரில் சிலர் காவலர் பணிக்கான தரவரிசைப் பட்டியலில் முன்னிடங்களில் இருந்தது அப்போதுதான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் விசாரித்து, மூவரைப் பட்டியலிலிருந்து நீக்கி, இனி எழுத இயலாதபடி தடை விதித்தது. ஒரு கத்திக்குத்து நிகழாதிருந்தால் அத்தேர்வு மோசடி வெளிவந்திருக்குமா என்பது ஐயமே. உரிய காலத்தில் சிறு பிழைகளை விசாரிக்கும் ஏற்பாடு சோர்ந்துபோன இடத்தில், முதல் விசாரணையே காவல் நிலையத்தில்தான் தொடங்குகிறது.

பகடிவதையின் வரலாறு இதனினும் கசப்பானது. 1996 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவரின் கொலை தமிழகத்தை உலுக்கியது. 1997 இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு கேரளமும் தன் சட்டத்தை இயற்றியது. புகார் வந்தால் ஏழு நாளுக்குள் விசாரிக்க வேண்டும் என்றும், நடவடிக்கை எடுக்கத் தவறும் கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதப்படுவார் என்றும் கேரளச் சட்டம் கூறுகிறது. ஊராளரையும் கட்டுப்படுத்திய மூழிக்களக் கச்சத்தின் குரல் இங்கே மீண்டும் கேட்கிறது.

ஆயினும் 2024 பிப்ரவரியில் வயநாட்டுப் பூக்கோட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாணவர் ஒருவர் சக மாணவரின் கொடுமைக்குப் பிறகு உயிரிழந்தார். பல்கலைக்கழகம் குற்றஞ்சாட்டப்பட்டோரை நீக்கி மூன்றாண்டுத் தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இயற்கை நீதி பின்பற்றப்படவில்லை என்று கூறி அந்த ஆணையை நீக்கி, புதிதாக விசாரிக்கப் பணித்தது. இறந்த மாணவரின் தாய் மேல்முறையீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. 2025 இல் 19 மாணவர் நீக்கப்பட்டனர். கேட்கும் கடமையை நிறுவனம் முதல்முறையே ஒழுங்காகச் செய்திருந்தால், மகனை இழந்த குடும்பம் நீதிமன்றப் படிகளில் மீண்டும் ஏறியிருக்க வேண்டியதில்லை. முறையான விசாரணை குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று எண்ணுவோர் இவ்வழக்கை நினைவிற் கொள்ள வேண்டும். முறை பிசகிய தண்டனையின் சுமை, கடைசியில் பாதிக்கப்பட்டவர் தோளிலேயே இறங்குகிறது.

நம் கல்லூரிகள் பலவற்றின் சேர்க்கைக் கையேட்டில் ஒழுங்கு விதிகள் ஒரு பக்கமோ இரு பக்கமோ இருக்கும். ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எச்செயலும்’ என்பது போன்ற ஒரு வரியும் அதில் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் சுவரொட்டியும் அடங்கும், கத்தியும் அடங்கும். பெரும்பாலும் அது மாணவர் வீட்டு மொழியில் இருப்பதில்லை. கையொப்பம் இடும்போது படிப்பவர் அரியர். கி.பி. 866 இல் ஒரு சிற்றரசு, தன் 95 மாணவர்க்கு எது பிழை என்பதைப் பிரித்துப் பெயரிட்டு, அவர்கள் வழங்கிய நாட்டின் மொழியில் செம்பில் பொறித்து வைத்தது. அதில் இல்லாதவற்றை, அதாவது எல்லோர்க்குமான இடத்தையும் பெண்ணின் குரலையும், அடுத்து வந்த நூற்றாண்டுகள் போராடிச் சேர்த்தன. அதில் ஏற்கெனவே இருந்த தெளிவை, இன்றைய ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்கள் இன்னும் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.